கழுவக் கூடாத குப்பிகள்

1

பினாங்குக்கு வந்த நாளை எங்கள் வீட்டில் யாரும் கொண்டாடுவதில்லை. அதை ஞாபகப்படுத்தும் பொறுப்பைக் குடிநுழைவுத் துறை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மழை பிடிக்கிற மாதத்தில், என் வேலை பாஸ் காலாவதியாகும். என் பாஸைப் பிடித்துக்கொண்டுதான் என் கணவர் செல்வமும் மகள் யாழினியும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் என் ஒப்பந்தத்தை நீட்டித்தால் மூன்று பேரும் இருக்கலாம். நீட்டிக்காவிட்டால் மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

திருச்சியில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'வெளிநாட்டில் செட்டில் ஆகிவிட்டாள்'. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மனுப் போட்டு வாங்குகிற செட்டில் என்ன செட்டிலோ, எனக்கு விளங்கவில்லை. கல்யாண வீடுகளில் யாராவது அப்படிச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

அடுத்த கேள்வி தவறாமல் வரும். 'அங்கே என்னதான் ஆராய்ச்சி பண்றே?' நான் வேதியியல்காரி. அணைவுச் சேர்மங்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நடுவே ஓர் உலோக அணு, அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வேறு மூலக்கூறுகள். என்னுடைய உலோகங்கள் டெர்பியம், யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்று வாயில் நுழையாத பெயர்கள் கொண்டவை. புற ஊதா விளக்கைக் காட்டினால் ஒன்று பச்சையாக ஒளிரும், ஒன்று சிவப்பாக, ஒன்று மங்கலான மஞ்சளாக. அவற்றில் சில, கடுங்குளிரில் வைத்தால் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குட்டிக் காந்தமாகிவிடும். ஒளிர்வதையும் காந்தமாவதையும் ஒரே சேர்மத்தில் கொண்டுவருவதுதான் முனைவர் பட்டக் காலத்திலிருந்து என் பிழைப்பு. 'அதனால என்ன பிரயோஜனம்?' என்பது மூன்றாவது கேள்வி. அதற்குள் பந்தியில் இலை போட்டுவிடுவார்கள், தப்பித்துக்கொள்வேன்.

2

இந்தக் காந்தத்தால் எனக்கு விளைந்த சங்கடங்களுக்குக் கணக்கில்லை. கடுங்குளிர் என்றேன் அல்லவா, அது திரவ ஹீலியத்தின் குளிர். அந்தக் குளிரில் காந்தத்தன்மையை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. பெங்களூரில் ஒரு நண்பரின் ஆய்வகத்துக்கு மாதிரிகளை அனுப்பி அளந்து வாங்குகிறேன். மாதிரி என்றால் ஒரு சிட்டிகைப் பொடி. மூக்குப்பொடி போடுகிறவர்கள் இதைவிட அதிகம் எடுப்பார்கள்.

முதல் முறை அனுப்பியபோது உள்ளே என்ன பொருள் என்ற இடத்தில் 'காந்த ஆய்வு மாதிரி' என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். கூரியர்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காந்தத்தை விமானத்தில் ஏற்றக்கூடாதாம், விமானியின் திசைகாட்டி குழம்பிவிடுமாம். எங்கள் துறையில் பார்சல் வேலைகளைப் பார்க்கும் ஹமீது அண்ணன் பொட்டலத்தோடு என் அறைக்கு வந்தார். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்.

"டாக்டர், காந்தம்னு எழுதுனா அவன் எப்படி ஏத்துவான்? எடுக்கவே மாட்டான்லா."

"அண்ணே, இது இந்தச் சூட்டுல காந்தமே இல்ல. அங்க போய்க் குளிர வச்சாத்தான் காந்தம்."

அவர் நம்பவில்லை. என் மேசையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துக் குப்பியின் மேல் வைத்துப் பார்த்தார். இப்படியும் அப்படியும் உருட்டினார். ஊசி அது பாட்டுக்குக் கிடந்தது.

"ஒரு ஊசியக்கூட இழுக்கல. இதுக்கா டாக்டர் இத்தன வருசமா பாடுபடுறீங்க?"

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. அடுத்த முறை 'பவுடர்' என்று மட்டும் எழுதலாம் என்று அவரே யோசனை சொன்னார், சொன்ன வாயை மூடுவதற்குள் அவரே தலையை ஆட்டிக்கொண்டார். போதைப்பொருளுக்குத் தூக்குத் தண்டனை வரை போகிற இந்த நாட்டு விமான நிலையத்தில் வெள்ளைப் பவுடர் என்று எழுதிய பொட்டலத்தின் கதி என்னவாகும் என்பது இருவருக்கும் தெரியும். கடைசியில் 'உலோக உப்பு, காந்தமற்றது' என்று எழுதி அனுப்பினோம். காந்தத்தையே ஆராய்ச்சி செய்கிறவள் ஒவ்வொரு தடவையும் காந்தமற்றது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.

3

திருச்சியில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எங்கள் விரோதி மின்வெட்டு. இங்கே மின்சாரம் போவதில்லை, ஈரம்தான் விரோதி. துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது, தோல் செருப்பில் பூசணம் பூக்கும். என் சேர்மங்களுக்குத் தண்ணீர் ஆகாது. ஒரு தண்ணீர் மூலக்கூறு நுழைந்து உலோகத்தைப் பிடித்துக்கொண்டால் ஒளியைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு, மின்சாரச் சிக்கனம் என்று வெள்ளிக்கிழமை மாலை ஏர்கண்டிஷனை நிறுத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தது திங்கட்கிழமை அழுது வடிந்துகொண்டிருக்கும். இதைப் பற்றி நான் எழுதிய மனுக்களுக்கெல்லாம் 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்ற பதில் வந்துகொண்டிருக்கிறது.

இந்த வருடம் ஒப்பந்தம் நீள வேண்டுமானால் நல்ல ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரையாவது வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கட்டுரை தயாராகத்தான் இருந்தது. டிஸ்ப்ரோசியம் சேர்மம் ஒன்று, ஒளிரவும் செய்கிறது, குளிரில் காந்தமாகவும் நிற்கிறது. ஆனால் மதிப்பீட்டாளர் ஒருவர், பெயர் தெரியாத புண்ணியவான், படிகம் எங்கே என்று கேட்டுவிட்டார். ஒற்றைப் படிகத்தை எக்ஸ்-கதிரில் வைத்து, எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினால்தான் ஏற்பாராம். கேட்டது நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் இன்னும் எரிச்சல்.

படிகம் வளர்ப்பது பொறுமைக்காரர்களின் வேலை, எனக்கு வாய்த்திருக்கவே கூடாது. சேர்மத்தைக் கரைத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, வாயை மெழுகுத்தாளால் மூடி, ஊசியால் துளை போட்டு, ஒரு மூலையில் வைத்துவிட வேண்டும். கரைப்பான் மெல்ல ஆவியாகும். குப்பியை ஆட்டக்கூடாது, எடுத்துப் பார்க்கக்கூடாது. வாரக்கணக்கில் அடியில் கறைதான் தெரியும், மேலே தூசி படியும். எங்கள் ஆய்வகத்தில் ஜன்னலோர அலமாரியின் கடைசித் தட்டு அதற்கென்று ஒதுக்கப்பட்டது. அதை யாரும் தொடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒரு சீட்டுக்கூட ஒட்டி வைக்கவில்லை.

குப்பிகளை வைத்தது என் மாணவி ஷாமினி. சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த பெண். அவளுடைய முனைவர் பட்டத்துக்கும் இதே படிகம்தான் வேண்டும், அவளுடைய உதவித்தொகையும் இந்த வருடத்தோடு சரி. ஒரு நாள் தட்டின் அருகே குனிந்து நின்று பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"டாக்டர், மூணாவது குப்பியில ஓரத்துல மினுங்குது. இன்னும் ஒரு வாரம் விட்டா எடுத்துரலாம்லா."

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் நான் பாட்டு முணுமுணுத்ததாகச் செல்வம் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

4

அந்த ஒரு வாரத்துக்குள் வந்து தொலைத்தது கோத்தோங் ரோயோங்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். இந்த நாட்டில் ஊர் கூடிச் சுத்தம் செய்யும் வழக்கத்துக்கு அந்தப் பெயர். பள்ளிக்கூடம், கோயில், குடியிருப்பு, அலுவலகம் எல்லா இடத்திலும் நடக்கும். பெரியவர் சின்னவர் பார்க்காமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். நல்ல வழக்கம், நான் மறுக்கவில்லை. துறைத்தலைவரே சாக்கடையில் கைவிட்டு இலையை அள்ளுவதைத் திருச்சியில் நான் பார்த்ததில்லை. ஆனால் சுத்தம் செய்ய வந்த கூட்டத்துக்கு எது அழுக்கு, எது வேலை என்று யார் சொல்வது?

அடுத்த வாரம் ஆய்வகப் பாதுகாப்புச் சோதனை இருந்தது. அதற்காகச் சனிக்கிழமை கோத்தோங் ரோயோங், குடும்பத்தோடு வரலாம், துப்புரவுச் சாமான்களைக் கையோடு கொண்டு வரவும் என்று அறிவிப்பு வந்தது. முந்தின நாள் சாப்பிடும்போது நான் புலம்பித் தள்ளினேன். "லேப் அழுக்கா இருக்குன்னு எழுதிட்டாங்கன்னா கான்ட்ராக்ட் கோவிந்தாதான். பொட்டியக் கட்ட வேண்டியதுதான்." அப்படி நடக்காது என்று எனக்கே தெரியும். சலிப்பில் வாயில் வந்ததைச் சொல்வது என் சுபாவம்.

மேசைக்கு எதிரே யாழினி உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் படிவம், நம்மூர்க் கணக்கில் பதினொன்றாம் வகுப்பு, படிக்கிறாள், வருடக் கடைசியில் எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதிப் பரீட்சை. கைக்குழந்தையாக இங்கே வந்தவள். காருக்குக் காடி என்பாள், கடைச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டுவதற்குத் தாபாவ் என்பாள். 'காடி இல்ல, கார்' என்று முன்பெல்லாம் திருத்துவேன். கார் மட்டும் தமிழா என்று அவள் ஒருநாள் கேட்டதிலிருந்து விட்டுவிட்டேன். திருச்சிக்கு விடுமுறையில் போனால் மூன்றாம் நாள் 'எப்பம்மா போறோம்' என்று ஆரம்பிப்பாள். அன்றைக்கு என் புலம்பலைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு எழுந்தாள். மறுநாள் காலை எனக்கு முன்னால் எழுந்து, 'நானும் வரேன்' என்று நின்றாள். சனி ஞாயிறுகளில் பத்து மணிக்கு முன்னால் எழாத பெண். எனக்கே ஆச்சரியம்.

சோப்பு, தேங்காய் நார், கம்பி நார் எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போனேன். போன உடனே என்னைக் கீழ்த்தளத்து இரசாயன அறைக்கு அனுப்பிவிட்டார்கள். காலாவதியான பாட்டில்களைப் பிரிக்கத் தெரிந்தவர் நான்தானாம். பத்தரை மணி வாக்கில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வந்திருப்பதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பசியாறிவிட்டு மேலே போனேன்.

ஆய்வகம் பளபளவென்று இருந்தது. ஜன்னலோர அலமாரியும் பளபளவென்று இருந்தது. கடைசித் தட்டில் என் குப்பிகள் அத்தனையும் கழுவித் தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டு, வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. பக்கத்து ஆய்வகத்துச் சீனப் பேராசிரியர் வந்து எட்டிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. கையில் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு ஷாமினி வாசலில் நின்றாள். குப்பிகளைப் பார்த்தாள், தொட்டிக்குப் பக்கத்தில் கையெல்லாம் சோப்பு நுரையாக நின்ற யாழினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான்தான் டாக்டர். தெரியாம கழுவிட்டேன்."

5

எட்டாம் வகுப்பில் நானே ஒரு படிகம் வளர்த்தேன். ஜாம் பாட்டிலில் மயில்துத்தக் கரைசல், நடுவில் நூலில் கட்டித் தொங்கவிட்ட துணுக்கு. நாளுக்கு நாள் நீலமாக வளர்ந்தது. போகியன்று வீட்டைச் சுத்தம் செய்த அம்மா அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டார். 'விஷத்த வீட்டுல வச்சுக்கிட்டு, தம்பி எடுத்துக் குடிச்சான்னா என்ன பண்றது' என்று கேட்டார். நான் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடவில்லை. வருடங்கள் கழித்து, கடல் தாண்டி வந்து, அதே காரியம் மறுபடி நடந்தால் ஒருவருக்குக் கோபம் வருமா வராதா?

ஷாமினியை நான் ஏசிய ஏச்சை எழுதினால் நீங்கள் இந்தக் குறிப்புகளை மூடிவிடுவீர்கள். நான்கு வருடம் என்னோடு வேலை செய்தவள், அவளே வைத்த குப்பிகளை அவளே எப்படிக் கழுவுவாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கோபத்தில் மூளை வேலை செய்வதில்லை. அவள் உலர்கலத்தில் மிச்சமிருந்த பொடியை எடை போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். இன்னும் ஒரே ஒரு தடவைக்குப் போதும்.

சோதனைக்கு வந்த அதிகாரி அலமாரிப் பக்கமே திரும்பவில்லை. தீயணைப்பான் காலாவதியாகிவிட்டதா என்று பார்த்தார், கண் கழுவும் குழாயைத் திறந்து மூடினார், தேநீர் குடித்தார், போய்விட்டார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இனி புதுக் குப்பிகள் வேண்டும். பழையவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது உள்ளேயெல்லாம் மெல்லிய கீறல்கள். கம்பி நார் போட்டுத் தேய்த்திருக்கிறாள். கீறியது போகட்டும், கம்பி நார் என்றால் இரும்பு. காந்தத்தை அளக்கப் போகிற சேர்மம் இருக்கும் குப்பியில் இரும்புத் தூள்! இதற்காகவும் ஒரு சுற்று ஷாமினிக்கு விழுந்தது. புதுக் குப்பிகளுக்கு விண்ணப்பித்தேன். மூன்று கடைகளின் விலைப்புள்ளி வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். வாங்கும் குழு அடுத்த மாதம்தான் கூடும் என்றார்கள். கட்டுரைக்கான கெடு அதற்கு முன்னால் முடிகிறது. வேறு வழியில்லாமல், ஷாமினி அந்தக் கீறல் விழுந்த குப்பிகளையே அமிலத்தில் ஊறவைத்து, இரும்பைப் போக்கிக் கழுவி, மிச்சப் பொடியைக் கரைத்து ஊற்றி வைத்தாள். நான் நம்பிக்கையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

அதற்குள் பாஸ் முடியும் நாள் நெருங்கிவிட்டது. ஒப்பந்தம் பற்றி முடிவு தெரியும்வரை கொஞ்ச காலத்துக்கு நீட்டிப்புக் கேட்க, செபராங் ஜெயாவில் இருக்கும் அலுவலகத்துக்குப் பாலம் தாண்டிப் போனோம். செல்வம் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தார். நானும் யாழினியும் எண் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

முதல் முகப்பில் பாஸ்போர்ட்டுகளைச் சரிபார்த்த அம்மையார் சிரித்த முகமாக இருந்தார். யாழினி மலாய் பேசுவதைக் கேட்டு அவருக்கு இன்னும் சந்தோஷம். நான் வாயைத் திறந்தால் மட்டும் எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். தீபாவளி விடுமுறைக்கு எந்தக் கம்போங்குக்குப் போவாய் என்று மலாயில் கேட்டார். கம்போங் என்றால் சொந்த ஊர்.

"டத்தோ கிராமாட்," என்றாள் யாழினி.

அது ஜார்ஜ் டவுனில் எங்கள் வாடகை வீடு இருக்கும் இடம். அம்மையார் கையிலிருந்த இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருக்கைக்குத் திரும்பியதும், ஊர் எது என்று கேட்டால் திருச்சி என்று சொல்லப் பழகு என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஷாமினி அக்காவ இன்னும் ஏசிக்கிட்டுதான் இருக்கீங்களா?"

"இப்ப எதுக்கு அது?"

"அவங்க கழுவல. நான்தான் கழுவுனேன்."

என் முகத்தைப் பார்க்காமலே தொடர்ந்தாள்.

"அவங்க சாப்பாடு எடுக்கக் கீழ போயிருந்தாங்க. நான் அந்தத் தட்டப் பாத்தேன். குப்பியெல்லாம் அடியில மஞ்சளா ஒட்டிக்கிட்டு, மேல தூசி. இதப் பாத்தா கண்டிப்பா மார்க் கொறச்சிருவாங்கன்னு நெனச்சேன். சோப்பு போட்டும் போகலம்மா. அதான் உங்க பையிலேருந்து கம்பி நார் எடுத்து, நீங்க சட்டி தேய்ப்பீங்கள்ல, அந்த மாதிரி தேய்ச்சேன்."

"உன்ன யாருடி தேய்க்கச் சொன்னா?"

"நீங்கதானே சொன்னீங்க, அழுக்கா இருந்தா கான்ட்ராக்ட் போயிரும், பொட்டியக் கட்டணும்னு. எனக்குப் போக வேணாம்மா. நாம இங்கயே இருக்கணும்னுதான் தேய்ச்சேன்."

சொல்லிவிட்டு அழுதாள். எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு ஒரு அப்பாவிப் பெண்ணை ஏச்சு வாங்க விட்டாளே என்று வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இந்த நாட்டில் இருப்பதற்காக என் வீட்டில் என்னைவிட அதிகமாகக் கஷ்டப்பட்டுத் தேய்த்தவள் இவள்தான். திருச்சிக்குத் திரும்பிப் போவதை ஒரு தொல்லையாக மட்டுமே நான் நினைத்திருந்தேன். அவளுக்கு அது ஊரை விட்டுப் போவது. இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாமல் போயிற்று. அழைப்புப் பலகையில் எங்கள் எண் மின்னியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனோம். நீட்டிப்பு கிடைத்தது, பரீட்சைக்கு முன்னால் முடிகிற மாதிரி.

7

மறுநாள் ஷாமினியிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அதில் பழக்கம் இல்லாததால் அதட்டுவது போலத்தான் வந்தது. ஏன் பழியை ஏற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"புள்ளய அந்த அலமாரிகிட்ட விட்டுட்டுப் போனது நான்தானே டாக்டர். அதோட, உங்க ஏச்சு எனக்குப் பழகிப்போச்சு. அவளுக்கு இன்னும் அவ்வளவா பழகலல்ல."

சொல்லிவிட்டுத் தட்டுப் பக்கம் போனாள். ஜன்னலோரமாகக் குனிந்து நின்றாள், பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு குப்பியாகப் பார்த்தாள். அப்புறம் எனக்கு நகர்ந்து இடம் விட்டாள்.

மூன்று குப்பிகளில் படிகங்கள் வந்திருந்தன. போன தடவை வந்ததைவிடச் சீக்கிரமாக, தெளிவாக, விளிம்பு மழுங்காமல். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவை எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பது தெரிந்தது. கம்பி நார் போட்ட கீறல்களின் மேல். படிகம் தானாகத் தொடங்காது, அதற்குப் பிடிமானம் ஒன்று வேண்டும். ஒரு தூசியோ, ஒரு கீறலோ. வழவழப்பான கண்ணாடியில் பல வாரம் யோசித்துக்கொண்டே கிடக்கும். முதல் வருட மாணவர்களுக்கு நான் ஆண்டாண்டாக நடத்துகிற பாடம் இது. என் சொந்தக் குப்பிகளுக்கு இதைச் செய்துபார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

ஷாமினி புற ஊதா விளக்கைப் பிடித்தாள். மங்கலான மஞ்சள் ஒளி. யாழினியை அன்று மாலை கூட்டிவந்து காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள், பார்த்துவிட்டு ஷாமினியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வெகுநேரம் மலாயிலும் தமிழிலும் எதையோ பேசிச் சிரித்தார்கள். பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கிறாயா என்று கேட்டேன். 'ஐயோ, வேணவே வேணாம்லா' என்றாள்.

எக்ஸ்-கதிர் அமைப்பு கிடைத்தது. மதிப்பீட்டாளர் புண்ணியவான் திருப்தியடைந்தார். கட்டுரை ஏற்கப்பட்டது, ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு நீண்டது, யாழினி தன் ஊரிலேயே பரீட்சை எழுதப் போகிறாள். இரண்டு வருடம் கழித்து மறுபடி இதே கூத்து நடக்கும். புதுக் குப்பிகளுக்கான அனுமதி நேற்றுத்தான் வந்தது, வேண்டாம் என்று எழுதிவிட்டேன். எதற்கு வேண்டாம் என்று விளக்கம் கேட்டு இன்று ஒரு படிவம் வந்திருக்கிறது.

கட்டுரையில் செய்முறைப் பகுதி என்று ஒன்று உண்டு. எதை எதில் கரைத்தோம், எத்தனை நாள் வைத்தோம் என்று யாரும் திரும்பச் செய்யக்கூடிய விதத்தில் எழுத வேண்டும். 'உட்புறம் கீறப்பட்ட கண்ணாடிக் குப்பிகளில் மெல்ல ஆவியாக விட்டுப் படிகங்கள் பெறப்பட்டன' என்று ஷாமினி எழுதினாள். நானும் சரிபார்த்து அனுப்பிவிட்டேன். கீறியவள் யார், எதற்காகக் கீறினாள் என்று சொல்ல அந்தப் பகுதியில் இடமில்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.